வரி முடிந்தாலும் பெயர் முடிவதில்லை

தொடக்கநிலை வகுப்பில் வாசிப்புக் கற்பிக்கும் ஆசிரியர்கள் அனைவரும் அறிந்த குறை ஒன்று உண்டு. வரியின் ஓரத்தை அடைந்ததும் பிள்ளை நின்றுவிடும். சொல் அடுத்த வரியிலும் தொடர்கிறது. வாக்கியமோ இன்னும் இரண்டு வரி தாண்டித்தான் முடிகிறது. ஆயினும் தாளின் ஓரமே பிள்ளைக்கு முற்றுப்புள்ளியாகத் தெரிகிறது. 'கண் வாய்க்கு முன்னே செல்லப் பழக்குங்கள்' என்று ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் இதற்கு மருந்து சொல்லிக் கொடுத்தார்கள். வாய் இந்தச் சொல்லைச் சொல்லும்போதே கண் அடுத்த சொல்லைப் பார்த்துவிட்டால், ஓரத்தில் தடுமாற்றம் இராது.

கணினியில் உரைக்கோப்பைப் படிக்கச் சிறு நிரல் எழுதுவோருக்கும் இதே குறை, இதே மருந்து. பெர்ல், பைத்தான் போன்ற மொழிகளில் ஒரு கோப்பைப் படிப்பதற்கு மிக எளிய வழி, 'ஒரு வரியை எடு, அதன் வேலையை முடி, அடுத்த வரிக்குப் போ' என்பதுதான். ஒரு வரி ஒரு செய்தி என்று இருக்கும் வரை இவ்வழி பழுதின்றி நடக்கும். ஒரே செய்தி இரண்டு மூன்று வரிகளுக்கு நீளும்போதுதான் சிக்கல் பிறக்கிறது. அச்சிக்கலில் முதலில் வெட்டுப்படுவது தமிழ்ப் பெயர் என்பதனால், ஆசிரியர்களும் பெற்றோர்களும் இதனை அறிந்திருப்பது நன்று எனக் கருதி எழுதுகிறேன். நிரல் எழுதத் தெரியாதவர்களும் தொடர்ந்து படிக்கலாம். கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும்.

பாதியில் நின்ற பெயர்கள்

ஆறாம் ஆண்டு மாணவர்களின் விடைபெறு விழாவுக்கு நற்சான்றிதழ் ஆயத்தம் செய்யும் பொறுப்பு ஓராண்டு என்னிடம் வந்தது. பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, பள்ளிப் பதிவேடு அனைத்திலும் நம் பிள்ளைகளின் பெயர் ரோமன் எழுத்தில்தான் இருக்கிறது. ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பயின்ற பிள்ளை, தன் பெயரைத் தமிழில் தாங்கிய தாள் ஒன்றையாவது வீட்டுக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்பது எங்கள் விருப்பம். சில வீடுகளில் அந்தத் தாளைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டி வைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பெயர்கள் வகுப்புக் கைப்பேசியின் தொடர்புப் பட்டியலில் இருந்தன. ஒவ்வொரு பெற்றோரின் எண்ணையும் பிள்ளையின் தமிழ்ப் பெயரிலேயே பதிந்து வைத்திருந்தேன். எழுத்துப் பிழை ஏதும் உண்டா எனப் பெற்றோரிடம் காட்டியும் சரிபார்த்திருந்தேன். பட்டியல் முழுவதையும் கைப்பேசி ஒரே கோப்பாக வெளியேற்றித் தரும். அக்கோப்பிலிருந்து பெயர்களைப் பிரித்துத் தரும் இணையத்தளங்கள் பல உள்ளன. ஆனால், பெற்றோர் நம்மை நம்பிக் கொடுத்த எண்களை முகம் தெரியாத தளத்தில் ஏற்றுவது முறையன்று. ஆகவே, வேறொரு பள்ளியில் பணியாற்றும் நண்பர் தாம் பயன்படுத்தி வந்த சிறிய பைத்தான் நிரலை அனுப்பி வைத்தார். அவர் சீனப்பள்ளி ஆசிரியர். அவரிடம் அந்நிரல் ஒருநாளும் பழுதுபட்டதில்லை.

அச்சுக்கு அனுப்புமுன் பட்டியலைச் சரிபார்த்தபோது, 27 பெயர்களில் 9 பெயர்கள் பாதியில் நின்றிருந்தன. பிள்ளைகளின் உண்மைப் பெயரைத் தவிர்த்து, எடுத்துக்காட்டாகத் தமிழ்ச்செல்வி என்று வைத்துக்கொள்வோம். அப்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'தமிழ்ச்ச' என்று மட்டும் இருந்தது. அதனை அடுத்துக் கறுப்புச் சாய்சதுரத்தினுள் ஒரு கேள்விக்குறி. அதே பட்டியலில் ரோமன் எழுத்தில் பதிந்திருந்த பெயர்களுக்கு ஒரு கீறலும் இல்லை.

உடன் பணியாற்றும் ஆசிரியை ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "பேசாமல் ரோமன் எழுத்திலேயே அச்சடித்துவிடலாம், டீச்சர். தமிழ் கணினிக்குச் சரிப்பட்டு வராது" என்றார். அவர் தீய எண்ணத்தோடு சொல்லவில்லை. விழாவுக்கு இருந்த நாள்கள் குறைவு. ஆனாலும், இத்தகைய சிறு சிறு முடிவுகளால்தான் தமிழ் ஒவ்வொரு தாளிலிருந்தும் விலகிப் போகிறது. பழி உண்மையில் தமிழ்மீது விழத்தக்கதுதானா எனப் பார்க்க, அக்கோப்பை வெற்று உரையாகத் திறந்தேன்.

எண்ணிப் பார்த்த கணக்கு

கைப்பேசிகள் தொடர்புகளை வெளியேற்றும் கோப்பு வகைக்கு விகார்டு என்று பெயர். அதன் 2.1ஆம் பதிப்பு 1996இல் வந்தது. இன்றும் பல கைப்பேசிகள் அதனையே எழுதுகின்றன. ஆங்கில எழுத்து அல்லாதவற்றைக் கோட்டட் பிரிண்டபிள் என்னும் முறையில் குறியாக்கம் செய்ய அப்பதிப்பு இடம் தருகிறது. அம்முறை மின்னஞ்சலுக்காக உருவானது; அதன் விதிகள் 1996இல் வெளியான ஆர்எஃப்சி 2045 என்னும் ஆவணத்தில் உள்ளன. இங்கே நமக்கு வேண்டிய விதிகள் இரண்டு. முதலாவது, ஒரு பைட்டைச் சமக்குறியோடு இரண்டு பதினாறடிமான இலக்கங்களாக எழுத வேண்டும். அதாவது 1 பைட்டுக்கு 3 குறிகள். இரண்டாவது, ஒரு வரி 76 குறிகளுக்கு மேல் போகலாகாது. நீண்டால் வரியின் இறுதியில் தனிச் சமக்குறி ஒன்றை இட்டு, அடுத்த வரியில் தொடர வேண்டும்.

இனித் தமிழ்ச்செல்விக்கு வருவோம். நம் கணக்கில் அப்பெயரில் 7 எழுத்துகள்: த, மி, ழ், ச், செ, ல், வி. ஒருங்குறி உயிர்மெய்யை ஓரெழுத்தாகக் கொள்வதில்லை. அகரமேறிய மெய் ஒரு குறியீடு. கொம்பு, விசிறி, புள்ளி முதலியன தனித்தனிக் குறியீடுகள். ஆகவே அங்கே 13 குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டு. மொத்தம் 39 பைட்டு. ஒரு பைட்டுக்கு 3 குறி வீதம் 117 குறிகள். அதே பெயர் ரோமன் எழுத்தில் பத்துப் பன்னிரண்டு குறிகளுக்குள் அடங்கிவிடும்.

பெயரின் மதிப்பை மட்டும் கணக்கில் கொண்டால், 76இல் ஒன்று தொடர்ச்சிக் குறிக்குப் போக 75 குறிகள். அதாவது 25 பைட்டு. எட்டுக் குறியீடுகளுக்கு 24 பைட்டு போக, ஒரு பைட்டு எஞ்சும். அந்த ஒரு பைட்டு, 'செ'யின் ஒற்றைக்கொம்பிலிருந்து வந்தது. கொம்பை நாம் சகரத்துக்கு முன்னே எழுதினாலும், கணினியின் நினைவில் அது சகரத்துக்குப் பின்னேதான் நிற்கும். அதன் மூன்று பைட்டுகள் 224, 175, 134. முதலாவது இந்த வரியில். மற்ற இரண்டும் அடுத்த வரியில். வரிக்கு வரி படிக்கும் நிரல் முதல் வரியோடு நின்றுவிட்டதால் 'தமிழ்ச்ச' மட்டும் கிடைத்தது. பொருளற்றுத் தொங்கிய 224 என்னும் பைட்டுதான் அந்தக் கேள்விக்குறி. (கருவிக்குக் கருவி வெட்டும் இடம் சற்று மாறலாம், கணக்கு முறை மாறாது.)

மலர், கவின் போன்ற சிறு பெயர்கள் தப்பியதன் காரணமும் விளங்கிற்று. கயல்விழி 8 குறியீடு, 24 பைட்டு, 72 குறி, மயிரிழையில் தப்பிவிட்டாள். ஆனால், கயல்விழியோடு தந்தை பெயரையும் சேர்த்துப் பதிந்திருந்தால் அதுவும் வெட்டுப்பட்டிருக்கும்.

சீனப்பள்ளி நண்பரிடம் அந்நிரல் ஏன் பழுதுபடவில்லை என்பதற்கும் விடை இதிலேயே உண்டு. சீன எழுத்துக்கும் பெரும்பாலும் 3 பைட்டுதான். ஆனால், சீனப் பெயர்கள் பெரும்பாலும் மூன்றே எழுத்து: 9 பைட்டு, 27 குறி. ஒரு வரிக்குள் அடங்கிவிடும். ஜாவி எழுத்துக்கு 2 பைட்டு. அங்கும் பன்னிரண்டு எழுத்துவரை இடமுண்டு. கோப்பு தமிழ்ப் பெயரை முழுமையாகத்தான் வைத்திருந்தது. 'இன்னும் இருக்கிறது' என்று ஒரு குறியையும் இட்டிருந்தது. அக்குறியைப் படிப்பவர் பார்க்கவில்லை. குறை தமிழில் இல்லை. ஓரத்தில் நின்றுவிடும் வாசிப்பில் இருந்தது.

தொடர்ச்சியைக் காட்டும் மூவகை

உரைக்கோப்புகளில் தொடர்வரியைக் காட்டும் வழிகள் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கும்.

முதல் வகையில், வரியின் இறுதியிலேயே குறி இருக்கும். மேற்கண்ட சமக்குறி இவ்வகை. பைத்தான் நிரலிலும் யூனிக்ஸ் கட்டளைகளிலும் வரி இறுதியில் இடும் பின்சாய்கோடும் இவ்வகையே. இங்கே கையிலுள்ள வரியைப் பார்த்தே அது முடிந்ததா, தொடர்கிறதா என்று சொல்லிவிடலாம்.

இரண்டாம் வகையில், குறி அடுத்த வரியின் தொடக்கத்தில் இருக்கும். அடுத்த வரி ஒரு வெற்றிடத்தோடு தொடங்கினால், அது முந்தைய வரியின் தொடர்ச்சி. மின்னஞ்சலின் தலைப்பகுதியும், நாள்காட்டிக் கோப்பாகிய ஐகேலண்டரும், விகார்டின் பிந்தைய பதிப்புகளும் இவ்வகை. இங்கே கையிலுள்ள வரியைப் பார்த்து எதுவும் சொல்ல இயலாது. அடுத்த வரியை எட்டிப் பார்த்த பின்னரே இவ்வரி முடிந்ததா என்பது தெரியும். வாய்க்கு முன்னே கண் செல்ல வேண்டும் என்றேனே, அது இதுதான்.

மூன்றாம் வகையில், திறந்த அடைப்போ மேற்கோட்குறியோ மூடும்வரை வரி தொடரும். விரிதாளிலிருந்து வெளியேற்றும் காற்புள்ளிக் கோப்பில், முகவரிக் கட்டத்துக்குள் யாரேனும் வரியை உடைத்து எழுதியிருந்தால், அது மேற்கோட்குறிகளுக்குள் இரண்டு வரிகளாகக் கிடக்கும். அதனை இரண்டு மாணவர்களாக எண்ணிவிடுதல் கூடாது.

இலக்கணம் கற்றோர்க்கு இவை புதியவை அல்ல. சீரின் அளவுக்காகச் சொல்லைப் பொருள் பாராது பிரிப்பதை வகையுளி என்கிறோம். மாணவருக்குப் பொருள் சொல்லும்போது சீரைச் சேர்த்துச் சொல்லாக்கிய பின்னரே பொருள் சொல்கிறோம். பல பாடல்கள் தொடர்ந்து ஒரே வினைமுற்றைக் கொண்டு முடிந்தால் குளகம் என்கிறோம். முதற்பாடலோடு நிறுத்தி 'இதன் பொருள் என்ன?' என்று கேட்பதில்லை. முதலில் சேர்ப்பது, பின்னர் பொருள் கொள்வது என்னும் அவ்வொழுங்கை நிரலுக்கும் கற்றுக்கொடுத்தால் போதும்.

சேர்க்கும் முறை

நிரலை நம் மொழியிலேயே எழுதுகிறேன். எந்த நிரல்மொழியில் எழுதினாலும் படிகள் இவையே.

1. கோப்பை எழுத்தாக அன்றி, பைட்டாகத் திற. வரியைச் சேர்க்கும் முன் எழுத்தாக மாற்ற முயன்றால், வெட்டுப்பட்ட கொம்பு அங்கேயே கேள்விக்குறியாகிவிடும். பின்னர் சேர்த்தும் பயனில்லை.

2. வரி இறுதியைத் தூய்மை செய். சில கோப்புகளில் வரியின் இறுதியில் 10 என்னும் பைட்டு மட்டும் இருக்கும். சிலவற்றில் 13, 10 என இரண்டும் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த 13ஐ நீக்காவிட்டால், 'இறுதிக்குறி சமக்குறியா?' என்னும் கேள்விக்கு எப்போதும் 'இல்லை' என்றே விடை வரும்.

3. ஒரு வரியைக் கையில் வைத்துக்கொள். அடுத்த வரி அதன் தொடர்ச்சியாயின், குறியை நீக்கிவிட்டு ஒட்டு. இல்லையாயின், கையில் உள்ளதை முழுமையடைந்த வரியாக வெளியே கொடுத்துவிட்டு, புதிய வரியைக் கையில் எடு.

4. கோப்பு முடிந்ததும் கையில் எஞ்சியிருப்பதையும் கொடு. இதனை மறந்தால் பட்டியலின் கடைசிப் பிள்ளை காணாமற்போகும். அகரவரிசைப் பட்டியலாயின், வகரத்தில் தொடங்கும் பெயருடைய பிள்ளைக்கே ஒவ்வோர் ஆண்டும் சான்றிதழ் கிடைக்காது.

5. சேர்த்து முடித்த பின்னரே குறியாக்கத்தை அவிழ்த்துப் பைட்டாக்கு, பைட்டை எழுத்தாக்கு.

மூன்றாம் படியில் கவனிக்க வேண்டியது ஒன்று. சமக்குறியில் முடியும் வரிகள் எல்லாம் தொடர்வரிகள் அல்ல. தொடர்போடு படம் சேர்த்திருந்தால், அப்படம் வேறொரு முறையில், பேஸ்64 என்னும் குறியாக்கத்தில் இருக்கும். அதன் இறுதியில் இடம் நிரப்புவதற்காக ஒன்றோ இரண்டோ சமக்குறிகள் வருவது இயல்பு. அதனைத் தொடர்ச்சி என்று கொண்டால், படத்தின் வாலோடு அடுத்த செய்தி ஒட்டிக்கொள்ளும். ஆகவே வரியின் தலைப்பில் 'கோட்டட் பிரிண்டபிள்' என்று குறிக்கப்பட்டிருந்தால் மட்டுமே இறுதிச் சமக்குறியைத் தொடர்ச்சியாகக் கொள்ள வேண்டும். ஒரே குறி இடத்துக்கேற்பப் பொருள் மாறுவது நமக்குப் புதிதன்று. புள்ளி மெய்யின்மேல் நின்றால் ஒற்று. வாக்கியத்தின் இறுதியில் நின்றால் முற்று.

நாள்காட்டியில் ஒரு வெற்றிடம்

பள்ளி நிகழ்ச்சிகளைப் பெற்றோரின் கைப்பேசி நாள்காட்டியில் சேர்க்க ஐகேலண்டர் கோப்பைப் பயன்படுத்துவோருக்கும் ஒரு சொல். 2009இல் வெளியான ஆர்எஃப்சி 5545 அதன் விதிநூல். வரி ஒன்று 75 பைட்டைத் தாண்டாதிருக்க வேண்டும் என்றும், தாண்டினால் வரியை உடைத்து அடுத்த வரியை ஒரு வெற்றிடத்தோடு தொடங்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. எளிய நிரல்கள் பல பைட்டு எழுத்தை நடுவே வெட்டிவிடக்கூடும் என்று எச்சரித்து, படிப்போர் அதனைச் சரியாக மீட்க வேண்டும் என்றும் சொல்கிறது. தமிழில் 75 பைட்டு என்பது 25 குறியீடுகளே. 'பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுப் பொதுக்கூட்டம்' என்று எழுதினாலே வரி உடைந்துவிடும்.

சேர்க்கும்போது நீக்க வேண்டியது ஒரே ஒரு வெற்றிடத்தை மட்டும். 'பெற்றோர்' என்னும் சொல்லுக்கும் 'ஆசிரியர்' என்னும் சொல்லுக்கும் இடையே வரி உடைந்திருந்தால், அங்கே இரண்டு வெற்றிடங்கள் இருக்கும்: ஒன்று தொடர்ச்சிக் குறி, மற்றொன்று சொல்லிடைவெளி. தொடக்க வெற்றிடங்கள் அனைத்தையும் துடைத்துவிட்டால் இரண்டு சொற்களும் ஒட்டிக்கொள்ளும். எந்தப் புணர்ச்சி விதியிலும் அடங்காத புணர்ச்சி அது. மாறாக, மின்னஞ்சல் தலைப்புக்கு உரிய விதியோ வரியுடைப்பை மட்டும் நீக்கி வெற்றிடத்தை விட்டுவைக்கச் சொல்கிறது. அவ்விதியை நாள்காட்டியில் பயன்படுத்தினால், சொல்லின் நடுவே வெற்றிடம் புகுந்து 'பொதுக்கூ ட்டம்' என்றாகிவிடும். பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் இரண்டு முறைகளுக்கு விதி வேறு. எந்த முறை என்று அறிந்த பின்னரே சேர்க்க வேண்டும்.

2011இல் வந்த விகார்டு 4.0 பதிப்பு, ஓர் எழுத்தின் பைட்டுகளைப் பிரிக்கவே கூடாது என்று விதித்தது. நல்ல முன்னேற்றம். எனினும் அது காப்பது ஒருங்குறிக் குறியீட்டையே. நம் உயிர்மெய்யை அது அறியாது. மெய் ஒரு வரியிலும் அதன் புள்ளி மறுவரியிலும் விழுவதை அவ்விதி தடுக்காது. வரியின் தொடக்கத்தில் ஒற்றெழுத்து வரலாகாது என்று நாம் மாணவர்களின் கட்டுரைப் பயிற்சியில் திருத்துகிறோம். அந்த அளவு கூட அங்கே எதிர்பார்க்க முடியாது. எனவே சேர்க்கும் கடமை படிப்பவருடையதே.

சோதித்துப் பார்க்க ஐந்து பெயர்கள்

பள்ளிக்கென நிரல் எழுதுவோரும், எழுதித் தரச் சொல்லிக் கேட்போரும், பெயர்ப்பட்டியல் சரியாக வருகிறதா என்று பார்க்க ரோமன் பெயர் ஒன்றை மட்டும் இட்டுச் சோதிப்பது போதாது. மலர் போன்ற சிறு பெயர் ஒன்று. கயல்விழி போன்று எல்லையில் நிற்கும் பெயர் ஒன்று. தமிழ்ச்செல்வி போன்று எல்லையைத் தாண்டும் பெயர் ஒன்று. தந்தை பெயரோடு வெற்றிடமும் சேர்ந்த நீண்ட பெயர் ஒன்று. அவ்வாறான நீண்ட பெயரே பட்டியலின் கடைசியில் இருக்குமாறு இன்னொன்று. இவ்வைந்தும் முழுமையாக வந்தால் பட்டியலை நம்பலாம். அதன்பின்னும், உள்ளே சென்ற பெயர்கள் எத்தனை, வெளியே வந்தவை எத்தனை என்று ஒருமுறை எண்ணிவிடுங்கள்.

அந்த 9 பெயர்களும் அன்று மாலையே முழுமையடைந்தன. நண்பரின் நிரலில் கூடுதலாகத் தேவைப்பட்டவை பத்துப் பன்னிரண்டு வரிகள்தாம். திருத்திய நிரலை அவருக்கும் அனுப்பினேன். அவருடைய பட்டியலில் எந்த மாற்றமும் தெரியவில்லை என்று பதில் எழுதினார். மாற்றம் தெரியாததுதான் அங்கே சரியான விடை. 27 சான்றிதழ்களும் தமிழிலேயே அச்சாகின. ரோமன் எழுத்தில் அடித்துவிடலாம் என்ற ஆசிரியைதான் பிழைதிருத்தப் படியை என்னோடு அமர்ந்து ஒவ்வொரு பெயராக உரக்கப் படித்தார்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையின் பெயரைத் தமிழில் கேட்டால் சுருக்காமல், முழுமையாக, நீங்கள் இட்டபடியே எழுதிக் கொடுங்கள். நீளமாக இருப்பதால் கணினியில் சிதையும் என்று யாரேனும் சொன்னால், பெயரைக் குறைக்க வேண்டாம். அந்த நிரலை வரியின் ஓரம் தாண்டிப் படிக்கச் சொல்லுங்கள்.